படத்தில் இல்லாத பாறை

"இதுல எது அசல், எது திருடுனது? சொல்லு பார்க்கலாம்" என்றாள் வேலாமணி.

மேஜைமேல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று கெட்டி அட்டையில் கையால் வரைந்த வண்ணப்படம். மற்றது கால் கிலோ டீத்தூள் பாக்கெட். இரண்டிலும் ஒரே பெண், கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் நின்று திரும்பிப் பார்த்தாள். இரண்டிலும் அவள் தோளுக்கு மேலே ஒரே சூரியன் எட்டிப் பார்த்தது.

இசக்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"பாக்கெட்டுதான் அசல்க்கா."

"எப்படிச் சொல்றே?"

"பாக்கெட்டுல வலது பக்கம் கீழ ஒரு பாறை இருக்கு பாருங்க. நம்ம மலையில பாறை இல்லாத தேயிலைக் காடு எங்க இருக்கு? அட்டையில வரைஞ்சவங்க அதை மறந்துட்டாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் தரணிதரனுக்கு முகம் சிவந்தது. அந்த அட்டைப் படத்துக்குச் சொந்தக்காரர் அவர்தான். கோத்தகிரி ரோட்டில் இருக்கும் பூங்கரை டீ ஃபேக்டரியின் முதலாளி.

"அட்டையில இருக்கறதுதானுங்க அசல்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இசக்கி அடுத்த வார்த்தை பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். வேலாமணியிடம் வேலைக்குச் சேரும்முன் அவன் வாடகை ஜீப் ஓட்டியவன். சவாரியின் முகம் மாறினால் வாயை மூடிக்கொள்ளத் தெரியும். அதிக நேரம் மூடியிருக்கத்தான் தெரியாது.

வேலாமணி கோயமுத்தூரில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். எரிந்த குடோன், காணாமல் போன லாரி என்று பார்த்துப் பார்த்து அலுத்துப் போய், குன்னூரின் பெட்போர்டு பகுதியில் ஒரு பேக்கரி மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள். தரணிதரன் அவளைத் தேடி வந்தது திருடனைக் கண்டுபிடிக்க அல்ல. திருடி யார் என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். நிரூபிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அது 2006. டீ விலை விழுந்து வருஷக்கணக்காகியும் எழுந்திருக்கவில்லை. கொழுந்து விற்ற காசு பறித்த கூலிக்கே போதாமல் சின்ன விவசாயிகள் செடிகளை மரமாக வளரவிட்டிருந்தார்கள். குன்னூரைச் சுற்றி ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. தரணிதரன் மூடுவதற்கு முன் ஒரு கடைசி முயற்சி செய்தார். தூளை ஏலத்துக்கு அனுப்பாமல், தானே பாக்கெட் போட்டுக் கீழ்நாட்டுக் கடைகளில் விற்பது. கோத்தகிரிப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் ஜானகி டீச்சரை அழைத்துப் படம் வரைய வைத்தார். படம் பார்த்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். ஆனால் அது அச்சுக்குப் போவதற்குள், மேட்டுப்பாளையம் வியாபாரி லிங்கசாமியின் 'பொன்முகில் டீ' அதே படத்தோடு கடைகடையாகத் தொங்கத் தொடங்கிவிட்டது. இனி பூங்கரை பாக்கெட் வெளியே வந்தால் அதைத்தான் போலி என்பார்கள். பாக்கெட் வராவிட்டால் ஃபேக்டரியையே நம்பியிருக்கும் அத்தனை குடும்பங்களும் வேறு வேலை தேட வேண்டும்.

தரணிதரனின் வாதம் எளிமையானது. படம் பீரோவில் இருந்தது. பீரோ சாவி அவர் இடுப்பில் இருந்தது. அதைக் காட்ட அவர் சாவி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டிச் சுழற்றினார். சின்ன வயதில் இலை உருட்டும் ரோலரில் சிக்கி நகம் நடுவே பிளந்த விரல் அது. படத்தை வெளியூர் ஏஜெண்டுகளுக்குக் காட்டக் கலர் ஜெராக்ஸ் எடுத்தது உண்மை. ஆனால் எடுத்தது அவரே. எடுத்த காப்பிகள் எல்லாம் பீரோவிலேயே இருக்கின்றன. அந்த மெஷினை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைக்கச் சொல்லிப் பலர் சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒயர் இருந்தால் அந்த ஒயர் வழியாகவே ரகசியம் போய்விடும் என்பது அவருடைய பயம். அதனால் மெஷின் ஒரு மூலையிலும் கம்ப்யூட்டர் எதிர் மூலையிலும், நடுவில் சிமெண்ட் தரையைத் தவிர எதுவும் இல்லாமல் இருந்தன. ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் ஒருத்திதான். கிளார்க் ஸ்ரீமதி. எப்படிச் செய்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவள்தான் செய்தாள் என்று மட்டும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் நேரத்தில், எல்லோரும் கூடியிருக்கும்போதே, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"மெஷினைப் பார்க்கலாமுங்களா?" என்றாள் வேலாமணி.

ஜீப் பூங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபேக்டரியை மேகம் மூடியிருந்தது. உள்ளே வாடிய இலையின் வாசனை. ஆபீஸ் அறையில் அந்தக் கலர் மெஷின் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், கல்யாணப் பெண் மாதிரி தலை குனிந்திருந்தது. தவணையில் வாங்கியதாம். வேலாமணி உறையை எடுத்தாள். மூடியைத் திறந்தாள், மூடினாள். பேப்பர் தட்டைப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு, மெஷினின் வலது பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. சின்ன ரப்பர் மூடி. மெஷின் முழுக்க டீத்தூசி மெலிதாகப் படிந்திருக்க, அந்த ரப்பர் மூடி மட்டும் சுத்தமாக இருந்தது.

அது சர்வீஸ்காரருக்கான ஓட்டை என்று மெஷின் விற்ற கடைக்காரர்கள் சொன்னதாகத் தரணிதரன் சொன்னார். அவர் அதைத் தொட்டதே இல்லை.

வேலாமணி இசக்கியிடம் கையை நீட்டினாள். அவன் சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றிக் கொடுத்தான். ஜீப்பில் பாட்டுக் கேட்பதற்காக வைத்திருப்பது. மூடியை விலக்கி அதைச் செருகியதும் மெஷினின் சின்னத் திரையில் ஒரு புதுப் பக்கம் வந்து நின்றது. இசக்கியின் டிரைவிங் லைசென்ஸைக் கண்ணாடி மேல் கவிழ்த்து, பச்சைப் பட்டனை அழுத்தினாள். வெளிச்சம் ஓடியது. பேப்பர் எதுவும் வரவில்லை. பென் டிரைவை உருவி, எதிர் மூலைக்கு நடந்து போய்க் கம்ப்யூட்டரில் செருகினாள். திரை முழுக்க இசக்கி முறைத்துப் பார்த்தான்.

"லைசென்ஸ்ல இருக்கறதை விட இதுல கொஞ்சம் லட்சணமா இருக்கேன்" என்றான் இசக்கி.

ஒயரே தேவையில்லை என்று வேலாமணி தரணிதரனுக்கு விளக்கினாள். மெஷின் படம் பிடித்து இந்தக் குச்சியில் போட்டுவிடும். குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எந்தக் கம்ப்யூட்டருக்கும் நடந்தே போகலாம்.

தரணிதரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "இதெல்லாம் தெரிஞ்சவ இந்த ஆபீஸ்ல ஸ்ரீமதி மட்டும்தானுங்களே அம்மணி. நான் சொன்னது சரியாப் போச்சுங்களா?"

இசக்கி வேலாமணியைப் பார்த்தான். படம் போன வழியைக் கண்டுபிடித்ததில் அந்தப் பெண்ணின் கழுத்துக்கு இன்னும் ஒரு சுருக்கு விழுந்திருந்தது. வேலாமணி, தரணிதரன் கொண்டு வந்திருந்த 'பொன்முகில்' பாக்கெட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஸ்ரீமதியின் வீடு. அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கதவைத் திறந்தவள் வந்திருப்பது யார், யார் அனுப்பி வந்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகும் கதவைச் சாத்தவில்லை. அதுவே வேலாமணிக்குப் பிடித்துப்போனது.

மெஷினில் பென் டிரைவ் போடலாம் என்று தெரியுமா என்று கேட்டபோது ஸ்ரீமதி தயங்காமல் தெரியும் என்றாள். மெஷின் வந்த வாரத்திலேயே அதை முதலாளியிடம் சொல்லியும் இருந்தாள். பழைய பில்களையெல்லாம் திரும்பத் திரும்ப டைப் அடிப்பதற்குப் பதில் இப்படிப் பிடித்துக் கம்ப்யூட்டரில் வைக்கலாமே என்று. அவர் முழுதாகக் கேட்கவே இல்லை. மெஷின் பக்கம் யாரும் வரக்கூடாது என்று அன்றே உத்தரவு போட்டுவிட்டார்.

"தெரியும்னு சொன்னா உம் மேலதான சந்தேகம் வரும். ஏன் ஒத்துக்கறே?"

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்லணுமுங்களா?" என்றாள் ஸ்ரீமதி. "எனக்குத் தெரியறது தப்பில்லீங்களே. அவருக்குத் தெரியாததுதானுங்க தப்பு."

இசக்கி சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினான்.

அவர் படத்தை ஜெராக்ஸ் எடுத்த நாளில் என்ன நடந்தது என்று வேலாமணி கேட்டாள். ஸ்ரீமதிக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அன்று ஆபீஸே அதிர்ந்தது. அதற்கு முந்தின நாள்தான் மெஷின் விற்ற கடையிலிருந்து தீபக் என்ற பையன் வந்து மெஷினை சர்வீஸ் செய்துவிட்டுப் போயிருந்தான். மறுநாள் முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு படத்தை வைத்து அழுத்தினால் காப்பி வரவில்லை. திரும்ப அழுத்தினார். திரும்பவும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு மெஷினைத் திட்டினார், விற்றவனைத் திட்டினார், உதவிக்குப் போன ஸ்ரீமதியையும் திட்டினார். கடைசியில் போன் போட்டு மறுபடி தீபக்கையே வரவழைத்தார். தீபக் வந்து மெஷினில் என்னவோ தொட்டான், உடனே காப்பி வந்துவிட்டது. சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"படத்தை வெச்சப்ப மூடியை மூடினாரா?"

"எங்கீங்க மூடறது? அது கெட்டி அட்டை. மூடி உட்காரலீங்க. கையிலயே அமுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாருங்க."

வேலாமணி கைப்பையிலிருந்து 'பொன்முகில்' பாக்கெட்டை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தப் பாறையைப் பார்த்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பழுப்பாக, உருண்டையாக, உச்சியில் இடி விழுந்து பிளந்தது போல ஒரு கோட்டோடு இருந்தது. அவள் சத்தமில்லாமல் சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கியது.

என்ன என்று இசக்கி கேட்டான். ஜீப்பை எடு என்பதுதான் பதில்.

வழியெல்லாம் அவன் நச்சரித்தான். பூங்கரைக்கு வந்ததும் தரணிதரனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். அன்று எப்படி நின்று, எப்படிப் பிடித்துக்கொண்டு காப்பி எடுத்தாரோ, அதே மாதிரி இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதற்கு முன் இசக்கியின் பென் டிரைவை மெஷினில் செருகி வைத்தாள். பிறகு கடைக்குப் போன் செய்து, காப்பி வரமாட்டேன் என்கிறது, தீபக்கை அனுப்புங்கள் என்றாள்.

மழையில் நனைந்த கோட்டோடு தீபக் பைக்கில் வந்து இறங்கினான். துறுதுறுவென்ற இளைஞன். சரியாக அந்த நேரம் தரணிதரன் அட்டையைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். வெளிச்சம் ஓடியது. பேப்பர் வரவில்லை. மறுபடி அழுத்தினார். ஏன் வரவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அதனால் அவருடைய கோபம் அசலாகவே இருந்தது. மெஷினின் வம்சத்தையே திட்டினார்.

தீபக் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. பேப்பர் தட்டை இழுக்கவில்லை. என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் போய்க் குனிந்தான். கை வலது பக்கம் போய், கண்ணால் பார்க்காமலே பென் டிரைவை உருவி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

"இப்பப் போடுங்க சார். வரும்."

வந்தது. மெஷின் பளபளவென்று ஒரு காப்பியைத் தள்ளியது.

"ரொம்பத் தெறமை தம்பி" என்றாள் வேலாமணி. "பையில போட்டது என்னங்க?"

தீபக் பையிலிருந்ததை எடுத்துப் பார்த்தான். அப்போதுதான் அது தன்னுடையதல்ல என்று அவனுக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"அது என்னுதுங்க" என்றான் இசக்கி. "உள்ள நல்ல பாட்டா இருக்கு. கேட்டுட்டுக் குடுங்க, அவசரமில்லை."

வேலாமணி பென் டிரைவை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள். ஜானகி டீச்சரின் படம் திரையில் விரிந்தது. அதே பெண், அதே சூரியன். வலது பக்கம் கீழே, அசலில் எதுவுமே இல்லாத இடத்தில், பழுப்பாக உருண்டையாக ஒரு பாறை. உச்சியில் ஒரு பிளவு.

தரணிதரன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்தார். "பாறை எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு?"

"பாறை இல்லீங்க. உங்க வலது கையை இப்படி வையுங்க."

அவர் கட்டைவிரலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பிளந்த நகத்துக்கும் பிளந்த பாறைக்கும் கொஞ்சமும் வித்தியாசம் இல்லை. அட்டையை அமுக்கிப் பிடித்த கையின் கட்டைவிரல் ஓரத்தில் அட்டைக்கு அடியில் நுழைந்து, நகம் கண்ணாடி மேல் பதிந்து, படத்தோடு படமாகியிருந்தது. லிங்கசாமியின் ஆட்கள் அதைப் பாறை என்று நினைத்து, சுற்றிலும் கொஞ்சம் பச்சை பூசி அச்சடித்துவிட்டார்கள். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கடைகளில் தொங்கியது தரணிதரனின் கட்டைவிரல்.

மிச்சத்தைத் தீபக்கே சொன்னான். சர்வீஸுக்கு வந்தபோது மெஷினைச் சோதித்துப் பார்த்த பென் டிரைவை மறந்து விட்டுப் போனது உண்மையிலேயே மறதிதான். அது செருகியிருக்கும்வரை மெஷின் பேப்பருக்குப் பதில் அதில்தான் படத்தைப் போடும். மறுநாள் வந்து உருவிக்கொண்டு போய் வீட்டில் பார்த்தால், முதலாளி எத்தனை முறை அழுத்தினாரோ அத்தனை முறை படம் இருந்தது. லிங்கசாமியின் ஆபீஸ் மெஷினையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஆசை வந்துவிட்டது.

"நான் பீரோவைத் தொடலீங்க சார்" என்றான் தீபக், தலை குனிந்தபடி. "நீங்கதான் போட்டுக் குடுத்தீங்க."

தரணிதரன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப திருடுனது யாருங்க அம்மணி?" என்று கேட்டார்.

"எடுத்துக் குடுத்தது நீங்க. வித்தது இவரு. வாங்குனது லிங்கசாமி. இதுல ஒரு வேலையும் செய்யாதது ஸ்ரீமதி மட்டும்தானுங்க."

போலீஸுக்குப் போகலாமா என்று வேலாமணி கேட்டதற்கு அவசரமாக வேண்டாம் என்றார். போனால் யார் பட்டனை அழுத்தியது என்று அங்கேயும் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை, தரணிதரனையும் தீபக்கையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மலையிறங்கியது. பர்லியாரில் பழக்கடைகளைத் தாண்டும்போது வெயில் சுட்டது. மேட்டுப்பாளையத்தில் லிங்கசாமி மரியாதையாக வரவேற்று, மோர் கொடுத்து, தன் ஆர்டிஸ்ட் சொந்தக் கற்பனையில் வரைந்த படம் அது என்றார். தீபக்கை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லியிருந்ததால் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பாறையையும் கற்பனையில்தான் வரைந்தாரா என்று வேலாமணி கேட்டாள். லிங்கசாமி உற்சாகமாகிவிட்டார். பாறை நிஜப் பாறையாம். பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் இருக்கிறதாம். ஆர்டிஸ்ட் நேரில் போய்ப் பார்த்து வரைந்தாராம்.

"எந்த வளைவுங்க?" என்றான் இசக்கி. "அந்த ரோட்டுல ஜீப் ஓட்டித்தான் எனக்கு முடியே நரைச்சுது. இந்தப் பாறையை மட்டும் பார்த்ததில்லை."

வேலாமணி தரணிதரனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து, பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலைப் பாறைக்குப் பக்கத்தில் ஊன்றினார். லிங்கசாமி பாக்கெட்டைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார். வாசலில் இசக்கி அழைத்து வந்து நிறுத்திய தீபக்கையும் பார்த்தார். சட்டம், கேஸ் என்று யாரும் பேசவில்லை. அவர் பயந்தது வேறொன்றுக்கு. அடுத்தவன் கட்டைவிரலைப் போட்டு டீத்தூள் விற்கிறான் என்று கடைத்தெருவில் ஒரு முறை சிரித்துவிட்டால், பிறகு அவரிடம் யார் சரக்கு எடுப்பார்கள்? மாலைக்குள் பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், அச்சுத் தகடுகளைத் தரணிதரனிடமே கொடுத்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். சொன்னபடி தகடுகள் அப்போதே ஜீப்பில் ஏறின. தீபக்கை அவன் கடை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, நடந்ததை அவன் வாயாலேயே சொல்லவைத்தார்கள்.

குன்னூரில் ஜீப் பூங்கரைப் பக்கம் திரும்பப் போனபோது தரணிதரன், அருவங்காட்டுக்கு விடச் சொன்னார்.

ஸ்ரீமதி கதவைத் திறந்தாள். அவரை உள்ளே வரச் சொன்னாள், நாற்காலி போட்டாள், உட்காரச் சொல்லிவிட்டு நின்றாள். தரணிதரன் முதலில் மெஷினைப் பற்றிச் சொன்னார். பிறகு பென் டிரைவைப் பற்றி. பிறகு லிங்கசாமியைப் பற்றி. சொல்ல வந்ததை மட்டும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்ரீமதி முழுதும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

டம்ளர்களோடு வந்தபோது வாசனை முதலில் இசக்கிக்குத் தெரிந்துவிட்டது. அவன் வேலாமணியைப் பார்த்தான். தரணிதரன் டம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்து, டம்ளருக்குள் பார்த்தார். காப்பி. மூன்று தலைமுறையாக டீ விற்கிறவருக்கு ஒரு வீட்டில் காப்பி கொடுத்திருக்கிறார்கள். அவமானப்படுத்தத்தான் கொடுத்தாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

"தப்பா நினைக்காதீங்க" என்றாள் ஸ்ரீமதி. "மாசாமாசம் ஃபேக்டரியில குடுக்கற தூளுதானுங்க இந்த ஊட்டுல. அது தீந்து போச்சு. கடையில வேற தூளு வாங்க மனசு வரலீங்க. அதனால காப்பிக்கு மாறிட்டோம்."

தரணிதரன் தலையைக் குனிந்துகொண்டு காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு வேலைக்கு வந்துரு கண்ணு."

"எல்லாரு முன்னாலயும்தானுங்க போகச் சொன்னீங்க. எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டீங்கன்னா வந்தர்றனுங்க."

மஸ்டரில் சொல்லிவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஜீப்பிலேயே ஒத்திகை தொடங்கியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த மெஷின் பண்ணிய கோளாறினால், என்று ஆரம்பித்தார். பாதிப் பழியை மெஷின் மேல் போடுகிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள் என்றான் இசக்கி. அந்தத் தீபக் என்கிற பையன், என்று மறுபடி ஆரம்பித்தார். அவனும் வேண்டாம் என்றான் இசக்கி. லிங்கசாமியைக் கொண்டுவந்தார். வேலாமணி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் பேச்சிலிருந்து ஒரு ஆள் இறங்கிக்கொண்டே வந்தான். வெலிங்டன் தாண்டுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"தப்பு என்னுதுங்க" என்றார் தரணிதரன்.

"இது போதுங்க" என்றான் இசக்கி.